கனேடியப் பங்குகளை எப்போது வாங்குவது, எதுவரை வைத்திருப்பது, எப்போது விற்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோ பங்குச்சந்தையில் தனித்தனி நிறுவனங்களின் பங்குகளைத் தாமே தெரிவு செய்து வாங்குவோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை. இங்கே பெயர் சொல்லப்படும் எந்த நிறுவனத்தையும் வாங்கும்படியோ விற்கும்படியோ சொல்வது நோக்கமன்று. அவற்றுக்கு நடந்தவை நல்ல பாடங்கள் என்பதாலேயே எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

ஒரு பங்கை வாங்குவதற்கு முன் நான் செய்ய வேண்டிய முதல் வேலை எது?

ஏன் வாங்குகிறீர்கள் என்பதை இரண்டு மூன்று வாக்கியங்களில் எழுதி, நாளும் விலையும் குறித்து வையுங்கள். வாங்குவது, வைத்திருப்பது, விற்பது ஆகிய மூன்றும் வெவ்வேறு முடிவுகள் போலத் தோன்றினாலும், பின்னிரண்டும் முதலாவதில் அடங்கியிருப்பவையே. காரணம் எழுதப்படாமல் வாங்கப்பட்ட பங்கை எப்போது விற்பது என்று கேட்டால் எவராலும் பொறுப்பான பதில் சொல்ல முடியாது. ஏனெனில் எது பொய்த்துப்போனால் விற்க வேண்டும் என்பது யாருக்கும் தெரியாது.

எழுதும் காரணம், பின்னொரு நாளில் தவறென்று நிரூபிக்கப்படக் கூடியதாக இருக்க வேண்டும். "இது நல்ல வங்கி" என்பது காரணம் ஆகாது. "இந்த வங்கியின் கனேடியக் கிளைகளும் செல்வ மேலாண்மைப் பிரிவும் ஆண்டுதோறும் இலாபத்தைக் கூட்டி வருகின்றன, வாராக்கடன் ஒதுக்கீடு கட்டுக்குள் இருக்கிறது, பங்குதாரருக்குப் பகிரும் ஈவுத்தொகைக்கு இலாபத்தில் பாதிக்கும் குறைவாகவே போகிறது, இவற்றில் இரண்டு மாறினால் மறுபடி யோசிப்பேன்" என்பது காரணம். நான்கு வரிக்கு மேல் நீளும் காரணங்களில் பெரும்பாலும் ஆசை கலந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இன்னொன்றையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்குள் வீட்டு முற்பணத்துக்கோ பிள்ளையின் பல்கலைக்கழகக் கட்டணத்துக்கோ தேவைப்படும் பணத்தைத் தனிப் பங்குகளில் போடக் கூடாது. கடனட்டையில் நிலுவை வைத்துக்கொண்டு பங்கு வாங்குவதும் அப்படியே.

சந்தை முழுவதையும் ஒரே பங்கு போல வாங்க உதவும் நிதியமான ஈ.டி.எஃப். ஒன்று போதாதா?

பெரும்பாலானவர்களுக்குப் போதும். காலாண்டு அறிக்கைகளை வாசிக்க விருப்பமோ நேரமோ இல்லாதவர், அந்த வழியில் போவதே அறிவுடைமை.

ஆனாலும் கனேடியச் சந்தையின் அமைப்பை அறிந்து வைத்திருப்பது நல்லது. ரொறன்ரோச் சந்தையின் பெரிய நிறுவனங்களின் பங்கு மதிப்பை அளக்கும் எஸ் அன்ட் பி டி.எஸ்.எக்ஸ். கூட்டுச் சுட்டெண்ணில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வங்கி, காப்புறுதி முதலிய நிதித்துறை நிறுவனங்கள். அதற்கடுத்து எண்ணெய், எரிவாயு, சுரங்கம். மருத்துவத் துறை பெயரளவில்தான் இருக்கிறது. ஒரே நிறுவனம் சுட்டெண்ணையே விழுங்கிய காலமும் உண்டு: 2000ஆம் ஆண்டு யூலையில் நோர்ட்டெல் என்ற தொலைத்தொடர்புக் கருவி நிறுவனம் அன்றைய ரொறன்ரோ சுட்டெண்ணின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக இருந்தது. ஆகவே சுட்டெண்ணை வாங்குவதால் மட்டும் பரவலாக முதலிட்டுவிட்டோம் என்று எண்ணிவிட முடியாது. தனிப் பங்குகளில் வங்கிகளை மட்டும் அடுக்கி வைத்திருப்பவருக்கு இது இன்னும் பொருந்தும்.

ரொறன்ரோப் பெரும்பாகத்தில் வாழும் நம்மவர் பலருடைய நிலை இதில் தனிக் கவனத்துக்குரியது. மார்க்கம் நகரில் சொந்த வீடு, ஸ்காபரோவில் வாடகைக்கு விட்ட ஒரு கொண்டோ, இரண்டுக்கும் அடமானக் கடன், அதன் மேல் மூன்று வங்கிகளின் பங்குகள் என்று வைத்திருப்பவர் ஐந்து இடங்களில் முதலிட்டதாக நினைக்கிறார். உண்மையில் கனேடிய வீட்டுச்சந்தை என்ற ஒன்றின் மேல்தான் அவருடைய செல்வம் முழுவதும் நிற்கிறது. வேலையும் வங்கியில்தான் என்றால் மாதச் சம்பளமும் அதே தூணில்தான் சாய்ந்திருக்கிறது.

விலை நியாயமானதா என்று எப்படி அறிவது?

எல்லாத் துறைக்கும் ஒரே அளவுகோல் கிடையாது. வங்கிப் பங்கென்றால், ஒரு பங்குக்கான ஆண்டு இலாபத்தைப் போல விலை எத்தனை மடங்கு என்பதையும், அதே வங்கியின் கடந்த பத்தாண்டு மடங்குகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எண்ணெய் நிறுவனத்துக்கு இந்த முறை ஏமாற்றும். எண்ணெய் விலை உச்சத்தில் இருக்கும்போது இலாபம் பெருகி மடங்கு சிறுத்துத் தெரியும், பங்கு மலிவு போலத் தோன்றும், உண்மையில் அதுவே வாங்கக் கூடாத நேரமாக இருக்கலாம். அங்கே கேட்க வேண்டியது, பீப்பாய் எந்த விலைக்கு விற்றால் இந்த நிறுவனம் செலவையும் ஈவுத்தொகையையும் ஈடுகட்டும் என்பதே.

மின்சாரம், எரிவாயு வழங்கும் நிறுவனங்களும் குழாய்வழி நிறுவனங்களும் பெருங்கடனில் இயங்குபவை. அவற்றின் பங்கு விலை வட்டி வீதத்தோடு சேர்ந்து ஆடும். கனடா மத்திய வங்கி 2022 மார்ச் முதல் 2023 யூலை வரை வட்டி வீதத்தை 0.25 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு உயர்த்தியபோது, வியாபாரத்தில் எந்தக் குறையும் இல்லாத நிறுவனங்களின் பங்குகளும் இறங்கின. உத்தரவாதச் சேமிப்புப் பத்திரமான ஜி.ஐ.சி. ஐந்து சதவீதம் தரும்போது, அதே ஐந்து சதவீத ஈவுத்தொகைக்காகப் பங்கின் ஆபத்தை ஏற்க யார் முன்வருவார்? 2024 யூனில் வட்டி இறங்கத் தொடங்கியதும் காற்று திசை மாறியது. இத்துறைப் பங்குகளைப் பொறுத்தவரை, விலை இறங்கியது நிறுவனத்தாலா வட்டியாலா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

ஈவுத்தொகை விகிதம் அதிகமாக உள்ள பங்கை வாங்குவது பாதுகாப்பானதுதானே?

கனடாவில் மிகுதியானவர்கள் கையைச் சுட்டுக்கொள்ளும் இடம் இதுதான். ஆகவே சற்று விரிவாகப் பார்ப்போம்.

பெல் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் தாய் நிறுவனமான பி.சி.இ., தலைமுறை தலைமுறையாக "வாங்கி வைத்துவிட்டு மறந்துவிடலாம்" என்று சொல்லப்பட்ட பங்கு. 2022 வசந்தத்தில் அதன் விலை 70 டொலருக்கு மேல். ஆண்டு ஈவுத்தொகை 3.68 டொலர்; அதாவது ஏறத்தாழ ஐந்து சதவீதம். ஆண்டுக்கு ஆண்டு ஈவுத்தொகையும் கூடியது. 2024 பெப்ரவரியில் 3.99 டொலராக உயர்த்தப்பட்டது. ஆனால் அதே அறிவிப்பின்போதே 4,800 வேலைகள் வெட்டப்படும் என்ற செய்தியும் வந்தது. விலையோ இறங்கிக்கொண்டே இருந்தது. 2025 தொடக்கத்தில் விலை 32, 33 டொலர் அளவில் நின்றபோது ஈவுத்தொகை விகிதம் பன்னிரண்டு சதவீதமாகத் தெரிந்தது. அதைப் பார்த்து மேலும் வாங்கியவர்கள் பலர். 2025 மே மாதம் ஈவுத்தொகை 1.75 டொலராகக் குறைக்கப்பட்டது. பாதிக்கும் மேல் வெட்டு.

இது முன்னறிவிப்பின்றி இடி விழுந்தது போல் நடந்ததா? நிறுவனமே வெளியிட்ட எண்களைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. வலையமைப்பு விரிவாக்கம் முதலிய மூலதனச் செலவுகள் போக நிறுவனத்தின் கையில் மிஞ்சும் காசு 2024இல் ஏறத்தாழ 2.9 பில்லியன் டொலர். பங்குதாரருக்குக் கொடுத்த ஈவுத்தொகை ஏறத்தாழ 3.6 பில்லியன். அதற்கு முந்திய ஆண்டிலும் மிஞ்சியதைவிடக் கொடுத்தது அதிகம். மீதி எங்கிருந்து வரும்? கடனிலிருந்தும் சொத்து விற்பனையிலிருந்தும்தான். 2024 செப்டெம்பரில், மேப்பிள் லீவ்ஸ், ராப்டர்ஸ் அணிகளை வைத்திருக்கும் நிறுவனத்திலிருந்த தன் பங்கை 4.7 பில்லியன் டொலருக்கு றொஜர்ஸுக்கு விற்க உடன்பட்டது. கடன் குறையும் என்று பங்குதாரர்கள் ஆறுதல் கொண்டார்கள். நவம்பரில் அந்தப் பணத்தைக் கொண்டு அமெரிக்க இணைய நிறுவனமான சிப்லி ஃபைபரை வாங்கப்போவதாக அறிவிப்பு வந்தது. ஈவுத்தொகை உயர்வும் நிறுத்தப்பட்டது. அன்று பங்கு பத்து சதவீதத்துக்கு நெருக்கமாக விழுந்தது. தீர்மானிக்க வேண்டிய நாள் அந்த நவம்பர் நாளே. மே மாதம் அல்ல.

ஆகவே விகிதத்தைப் பார்க்காமல், மிஞ்சும் காசில் எத்தனை சதவீதம் ஈவுத்தொகைக்குப் போகிறது என்று பாருங்கள். நூறைத் தாண்டினால், அந்த ஈவுத்தொகை உங்களுடைய நிறுவனமே கடன் வாங்கி உங்களுக்குக் கொடுப்பது. விகிதம் எட்டு, ஒன்பது, பத்து என்று ஏறுவது பெரும்பாலும் தாராளத்தின் அடையாளமன்று; வெட்டு வரும் என்று சந்தை எதிர்பார்க்கிறது என்பதன் அடையாளம். அல்கொன்குவின் பவர் என்ற மின் நிறுவனம் 2023 யனவரியில் நாற்பது சதவீதம் வெட்டுவதற்கு முன்னரும் இதே காட்சிதான் இருந்தது.

மறுபுறம், நியூஃபவுண்ட்லாந்தின் சென்ட் ஜோன்ஸ் நகரைத் தலைமையகமாகக் கொண்ட ஃபோர்டிஸ் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆண்டுதோறும் ஈவுத்தொகையை உயர்த்தி வருகிறது. அதன் விகிதம் கண்ணைப் பறிக்கும் அளவுக்கு இராது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மனத்தில் பதித்துக்கொண்டாலே பல தவறான கொள்முதல்களிலிருந்து தப்பலாம்.

வைத்திருக்கும் பங்கின் விலை திடீரென இறங்கினால் விற்க வேண்டுமா?

நீங்கள் எழுதி வைத்த காரணத்தை எடுத்து வாசியுங்கள். அந்தக் காரணம் உடைந்திருந்தால் விற்க வேண்டும். உடையாதிருந்தால், விலை இறங்கியது விற்பதற்கான காரணமாகாது. சொல்வது எளிது, நடைமுறையில் இரண்டுக்கும் நடுவே மங்கலான ஒரு பரப்பு உண்டு. 2024இல் ரி.டி. வங்கிக்கு நடந்தது அப்படிப்பட்டது.

அந்த ஆண்டு ஒக்டோபரில், அமெரிக்காவில் பணச்சலவையைத் தடுக்கத் தவறியமை தொடர்பான குற்றச்சாட்டுகளை அவ்வங்கி ஒப்புக்கொண்டது. ஏறத்தாழ 3 பில்லியன் அமெரிக்க டொலர் தண்டம். அதைவிடப் பெரியது, அதன் அமெரிக்கச் சில்லறை வங்கிப் பிரிவின் சொத்து 434 பில்லியன் அமெரிக்க டொலரைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடு. டிசம்பரில் பங்கு 75 டொலருக்கும் கீழே போனது.

"அமெரிக்காவில் வேகமாக வளரும் வங்கி" என்ற காரணத்துக்காக வாங்கியவருக்கு அந்தக் காரணம் அன்றே உடைந்துவிட்டது. அவர் விற்றிருந்தால் அது பிழையான முடிவன்று. "கனடாவில் அசைக்க முடியாத வைப்புத்தொகை அடித்தளம், போதுமான மூலதனம், தொடர்ந்து வரும் ஈவுத்தொகை" என்பதற்காக வாங்கியவருக்கோ காரணம் அப்படியே நின்றது. 2025 பெப்ரவரியில் புதிய தலைமை நிர்வாகி பொறுப்பேற்றார். அதே மாதம் சார்ல்ஸ் ஷ்வாப் என்ற அமெரிக்கத் தரகு நிறுவனத்திலிருந்த பங்குகளை விற்று, அதில் 8 பில்லியன் டொலருக்குத் தன் பங்குகளையே திரும்ப வாங்கும் திட்டத்தை வங்கி அறிவித்தது. அவ்வாண்டுக் கோடையில் விலை 100 டொலரைத் தொட்டது. முடிவைப் பார்த்துவிட்டு "வைத்திருந்தவரே புத்திசாலி" என்று சொல்வது எளிது. ஒரே செய்தி, ஒரே நாள், ஒரே விலை. ஆனாலும் சரியான முடிவு இருவருக்கும் வெவ்வேறாக இருந்தது என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

விலை இறங்கும்போது மேலும் வாங்கிச் சராசரியைக் குறைக்கலாமா?

இன்று உங்களிடம் இந்தப் பங்கு ஒன்றுகூட இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இதே விலைக்கு, இதே செய்திகளோடு, புதிதாக வாங்குவீர்களா? ஆம் என்றால் வாங்கலாம். சராசரி விலை குறைவது மனத்துக்கு ஆறுதல். ஆனால் நிறுவனத்தின் நிலையை அது ஓர் இம்மியும் மாற்றாது. முன்னரே ஒரு வரம்பு வைத்துக்கொள்வது நல்லது: எந்த ஒரு நிறுவனத்திலும் மொத்தச் சேமிப்பின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போடுவதில்லை என்பது போல. என்னைக் கேட்டால் இருபதில் ஒரு பங்கே போதும் என்பேன்.

வாங்கிய விலைக்கு வந்தவுடன் விற்றுவிடலாம் என்று காத்திருக்கிறேன். சரிதானா?

நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது சந்தைக்குத் தெரியாது. நோர்ட்டெல் 124 டொலருக்கு மேல் விற்றது. இரண்டு ஆண்டுகளில் ஒரு டொலருக்கும் கீழே வந்தது. 2009 யனவரியில் திவால் பாதுகாப்பு கோரியது. ஐம்பதில், இருபதில், பத்தில் ஒவ்வொரு படியிலும் "கொஞ்சம் ஏறட்டும்" என்று காத்திருந்தவர்களில் அந்நிறுவனத்தின் ஊழியர்களும் இருந்தார்கள்; வேலையும் சேமிப்பும் ஒன்றாகப் போயின.

வாங்கிய விலை ஒன்றே ஒன்றுக்குத்தான் தேவை: வரிக் கணக்குக்கு. அதற்கு அப்பால், இந்தப் பணம் இனி எங்கே இருந்தால் நன்றாக வேலை செய்யும் என்பதே கேள்வி.

நன்றாக ஏறிய பங்கை எப்போது விற்பது? போட்ட முதலை எடுத்துவிட்டு மீதியை விடலாமா?

ஏறியதற்காக மட்டும் விற்பது, நல்ல நிறுவனங்களை விற்று மந்தமானவற்றைச் சேர்த்து வைப்பதில் போய் முடியும். முதலை எடுத்துவிட்டால் மீதி "இலவசம்" என்று நினைப்பதும் பிழை. மீதியும் உங்கள் பணமே, அதை இழந்தாலும் இழப்புத்தான்.

விற்பதற்குத் தகுந்த காரணங்கள் எனக்குத் தெரிந்து இரண்டு. ஒரே பங்கு மொத்தச் சேமிப்பில் உறக்கத்தைக் கெடுக்கும் அளவுக்குப் பெருத்துவிட்டால் ஒரு பகுதியைக் குறைக்கலாம். அல்லது, எல்லாம் மிகச் சிறப்பாக நடந்தாலும் நியாயப்படுத்த முடியாத விலைக்கு அது போய்விட்டால் குறைக்கலாம். றோயல் வங்கியை முந்தி நாட்டின் மிகப் பெரிய நிறுவனமாகச் சில காலம் நின்றவை நோர்ட்டெல் தவிர வேறும் உண்டு. வேலியண்ட் என்ற மருந்து நிறுவனம் 2015இல் அந்த இடத்தைப் பிடித்து, பின் தன் மதிப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இழந்தது. இணைய வணிக நிறுவனமான ஷொப்பிஃபை 2020இல் பிடித்தது. 2021 இறுதி உச்சத்திலிருந்து ஓராண்டுக்குள் நான்கில் மூன்று பங்குக்கு மேல் விழுந்தது. ஷொப்பிஃபை பின்னர் எழுந்தது. விற்பனையும் காசும் தொடர்ந்து வளர்ந்ததே அதற்குக் காரணம். வேலியண்ட் எழவில்லை. கடன் வாங்கிப் பிற மருந்து நிறுவனங்களை வாங்குவதும் விலையை உயர்த்துவதுமே அதன் வளர்ச்சியாக இருந்தது.

எண்ணெய் நிறுவனங்களையும் வங்கிகளைப் போல நெடுங்காலம் வைத்திருக்கலாமா?

வைத்திருக்கலாம், ஆனால் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு பெரிது. 2020 வசந்தத்தில் எண்ணெய் விலை சரிந்தபோது அல்பேர்ட்டா எண்ணெய் மணலில் இயங்கும் இரண்டு பெரிய நிறுவனங்கள் ஒரே புயலைச் சந்தித்தன. சன்கோர் தன் ஈவுத்தொகையை 55 சதவீதம் வெட்டியது. கனேடியன் நச்சுரல் வெட்டவில்லை. அடுத்த ஆண்டு ஒக்டோபரில் சன்கோர் ஈவுத்தொகையை இருமடங்காக்கியபோதும், பழைய 46.5 சதத்துக்கு எதிராக 42 சதம்தான் வந்தது. வெட்டின் அன்று பயந்து விற்றவர் அந்த மீட்சியைத் தவறவிட்டார். சுழற்சித் துறையில் செய்திகள் மிக மோசமாக இருக்கும் வேளையே பெரும்பாலும் விற்கக் கூடாத வேளை. நிறுவனம் கடனைச் சுமக்க வல்லது என்றால் மட்டும்.

வங்கிகளின் காலாண்டு அறிக்கையில் எதைப் பார்க்க வேண்டும்?

கனேடிய வங்கிகளின் நிதியாண்டு ஒக்டோபர் 31இல் முடிகிறது. ஆகவே அறிக்கைகள் பெப்ரவரி, மே, ஓகஸ்ட் மாதங்களின் பிற்பகுதியிலும் டிசம்பர் தொடக்கத்தை ஒட்டியும் வரும். தலைப்புச் செய்தியில் வரும் இலாப எண்ணை விட்டுவிட்டு இரண்டைப் பாருங்கள்: வாராக்கடனுக்கான ஒதுக்கீடு முந்திய காலாண்டுகளைவிடக் கூடுகிறதா, இழப்பைத் தாங்க வங்கி வைத்திருக்கும் சொந்த மூலதனத்தைக் காட்டும் அடிப்படை மூலதன விகிதம், பெரிய வங்கிகளிடம் ஒழுங்குமுறை அமைப்பு எதிர்பார்க்கும் 11.5 சதவீதத்துக்கு எவ்வளவு மேலே இருக்கிறது. இந்த ஆவணங்கள் எல்லாம் செடார் பிளஸ் என்ற அரச தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நிர்வாகத்தின் விளக்க உரையை வாசிக்க ஒரு மாலை போதும்.

எந்தக் கணக்கில் வைத்திருப்பது? விற்கும் முடிவை அது மாற்றுமா?

மாற்றும். வரியில்லாச் சேமிப்புக் கணக்கான ரி.எஃப்.எஸ்.ஏ.யில் இலாபத்துக்கு வரி இல்லை. 2024, 2025, 2026 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பணம் போடுவதற்கான ஆண்டு வரம்பு 7,000 டொலர். ஆனால் அங்கே நட்டமடைந்தால் அந்த நட்டத்தை எந்த இலாபத்துக்கு எதிராகவும் கழிக்க முடியாது. இழந்த இடமும், அதாவது அந்தக் கணக்கில் பணம் போடும் உரிமையும், திரும்பக் கிடைக்காது. அதனால்தான் கையிருப்பிலேயே மிக ஆபத்தான பங்கை ரி.எஃப்.எஸ்.ஏ.யில் போடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. எடுத்த பணத்துக்கான இடம் அடுத்த யனவரியில்தான் திரும்பும். அவசரப்பட்டு அதே ஆண்டில் வரம்பை மீறிப் போட்டால் மீறிய தொகைக்கு மாதம் ஒரு சதவீதம் தண்டம். கனடாவுக்குப் பிற்காலத்தில் வந்தவர்கள், வதிவாளரான ஆண்டிலிருந்துதான் தங்களுக்கு இடம் சேரத் தொடங்கும் என்பதை மறக்கக் கூடாது.

சாதாரண, அதாவது பதிவு செய்யப்படாத கணக்கில் மூலதன இலாபத்தின் பாதி வருமானத்தில் சேர்க்கப்படும். அதை உயர்த்தும் 2024ஆம் ஆண்டுத் திட்டம் 2025 மார்ச்சில் கைவிடப்பட்டது. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் உள்ளது போலக் குறுகிய கால இலாபம், நீண்ட கால இலாபம் என்ற வேறுபாடு இங்கே இல்லை. எனவே "ஓராண்டு முடியட்டும், பிறகு விற்கலாம்" என்று காத்திருப்பதில் பயன் எதுவும் கிடையாது.

நட்டத்தில் விற்றுவிட்டு உடனே திரும்ப வாங்கலாமா?

மேலே சொன்ன பி.சி.இ. பங்கையே எடுத்துக்கொள்வோம். சாதாரணக் கணக்கில் 70 டொலருக்கு நூறு பங்கு வாங்கிய ஒருவர் 30 டொலருக்கு விற்கிறார். நட்டம் 4,000 டொலர். இதை அந்த ஆண்டின் மூலதன இலாபத்திலிருந்தோ, முந்திய மூன்று ஆண்டுகளின் இலாபத்திலிருந்தோ, இனி வரும் எந்த ஆண்டின் இலாபத்திலிருந்தோ கழிக்கலாம். விற்பனைக்கு முன் 30 நாள், பின் 30 நாள் என்ற காலத்துக்குள் அவரோ, மனைவியோ, அவருடைய ரி.எஃப்.எஸ்.ஏ. அல்லது ஓய்வுகாலச் சேமிப்புக்கான ஆர்.ஆர்.எஸ்.பி. கணக்கோ அதே பங்கை வாங்கி, அந்த இரண்டாவது 30 நாள் முடிவில் வைத்திருந்தால் நட்டம் மறுக்கப்படும். சாதாரணக் கணக்கிலேயே திரும்ப வாங்கியிருந்தால் மறுக்கப்பட்ட நட்டம் புதிய பங்கின் அடக்கவிலையில், அதாவது வரிக் கணக்குக்கான வாங்கிய விலையில், சேரும். பின்னொரு நாள் பயன்படும். ரி.எஃப்.எஸ்.ஏ.யில் வாங்கியிருந்தால் அந்த 4,000 டொலர் நட்டம் நிரந்தரமாக மறைந்துவிடும். நட்டத்திலுள்ள பங்கை அப்படியே ரி.எஃப்.எஸ்.ஏ.க்கு மாற்றுவதும் இதே விளைவைத் தரும். முதலில் விற்று, காசை மட்டும் மாற்றுவதே முறை.

ஓய்வுபெற்ற என் பெற்றோருக்கு ஈவுத்தொகைப் பங்குகள் பொருந்துமா?

எந்தக் கணக்கில் என்பதைப் பொறுத்தது. சாதாரணக் கணக்கில் கிடைக்கும் 1,000 டொலர் ஈவுத்தொகை வரிப் படிவத்தில் 1,380 டொலராகக் காட்டப்படும். வரிக்கழிவு பின்னால் வந்தாலும், குறைந்த வருமானமுள்ள முதியோருக்கு அரசு தரும் ஜி.ஐ.எஸ். போன்ற கொடுப்பனவுகளைக் கணக்கிட எடுக்கப்படுவது அந்தப் பெருக்கிய தொகையே. குறைந்த வருமானத்தில் ஜி.ஐ.எஸ். பெறும் அம்மா அப்பாவுக்கு, கையில் வராத 380 டொலருக்காகவும் கொடுப்பனவு குறையும். அவர்களுடைய ரி.எஃப்.எஸ்.ஏ.யில் இடமிருந்தால் அங்கேயே வையுங்கள். அங்கே வரும் ஈவுத்தொகை வருமானமாகக் கணக்கில் வராது. பிள்ளைகளுக்கான அரச உதவித்தொகையான சைல்ட் பெனிஃபிட் பெறும் இளங்குடும்பங்களும் இதே காரணத்துக்காக இதைக் கவனிக்க வேண்டும்.

நான் வைத்திருக்கும் நிறுவனத்தை இன்னொரு நிறுவனம் வாங்குவதாக அறிவித்தால் என்ன செய்வது?

2024 யூனில் நஷனல் வங்கி, கனேடியன் வெஸ்டர்ன் வங்கியை வாங்கப்போவதாக அறிவித்த மறுநாள், பின்னதன் பங்கு அறுபது சதவீதத்துக்கும் மேல் ஏறியது. இப்படிப்பட்ட வேளையில் சந்தை விலைக்கும், வாங்கும் நிறுவனம் தருவதாகச் சொன்ன விலைக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். இடைவெளி சிறிதென்றால், உறுதியான ஆதாயத்தின் பெரும்பகுதி கைக்கு வந்துவிட்டது. கொள்முதல் முறிந்தால் விழக்கூடிய ஆழமோ பெரிது. அப்போது விற்பதே என் தெரிவு. பணத்துக்குப் பதிலாக வாங்கும் நிறுவனத்தின் பங்குகள் தரப்படும் என்றால், அந்த நிறுவனத்தை இன்று புதிதாக வாங்குவீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓடர் போடும்போது கவனிக்க வேண்டியவை?

வாங்கவும் விற்கவும், ஏற்கும் விலையை முன்கூட்டியே நீங்களே குறிக்கும் லிமிட் ஓடரையே பயன்படுத்துங்கள். சிறு நிறுவனங்களுக்கான வென்ச்சர் சந்தையில் உள்ள சுரங்க நிறுவனங்களில் இது கட்டாயம். நண்பர் சொன்னார் என்று வாங்கப்படும் பங்குகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வாங்க ஆள் இல்லாத நாளில் விற்க முடியாது. நீங்கள் குறித்த விலைக்கு இறங்கியதும் தானாக விற்கும் ஸ்டொப் லொஸ் ஓடர் உங்களை எப்போதும் காக்கும் என்று நம்ப வேண்டாம். காலையில் 9:30க்குச் சந்தை திறக்கும்போதே விலை பதினைந்து சதவீதம் கீழே திறந்தால், நீங்கள் குறித்த விலையில் விற்பனை நடக்காது, கிடைத்த விலையில்தான் நடக்கும்.

ஆண்டு முடிவில் நட்டத்தை அந்த ஆண்டுக் கணக்கில் காட்ட விரும்பினால், பணமும் பங்கும் கைமாறும் நாள் டிசம்பர் 31க்குள் விழ வேண்டும். 2024 மே 27 முதல் கனடாவில் இது விற்பனைக்கு அடுத்த வேலைநாளில் முடிகிறது. டிசம்பர் 31 வேலைநாளாக இருந்தால் அதற்கு முந்திய வேலைநாளே கடைசி வாய்ப்பு. விற்ற பங்கின் சராசரி அடக்கவிலையைத் தரகு நிறுவனத்தின் படிவம் சில வேளைகளில் தவறாகக் காட்டும், குறிப்பாக ஒரே பங்கை இரண்டு நிறுவனங்களில் வைத்திருப்போருக்கும் ஈவுத்தொகையைத் தானாகவே மறுமுதலீடு செய்வோருக்கும்; அந்தக் கணக்கைத் தனியே ஒரு தாளில் நீங்களே எழுதி வைத்திருக்க வேண்டும், ஏனெனில் கனடா வருவாய் முகமை விளக்கம் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.